நெட் இல்லாத வீட்டில்: ஜன்னலோரப் போன், பழைய ரவுட்டர், அறுந்த ஃபைபர்

ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் நெட் போய்விட்டால் முதலில் பார்க்க வேண்டியது மோடத்தில் இருக்கும் எல்ஓஎஸ் (LOS) விளக்கை. அது அணைந்திருந்து, பக்கத்தில் இருக்கும் பான் (PON) விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால், கண்ணாடி இழை வழியே வெளிச்சம் ஒழுங்காக வருகிறது, கோளாறு வேறெங்கோ. கட்டணம் கட்ட மறந்திருக்கலாம், ரவுட்டர் செட்டிங் மாறியிருக்கலாம். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதில் அர்த்தம் உண்டு. எல்ஓஎஸ் சிவப்பாகக் கண்ணடித்தால் வெளிச்சமே வந்து சேரவில்லை. அதற்கப்புறம் மோடத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் நடக்காது. பின்னால் செருகியிருக்கும் பச்சைத்தலை கனெக்டர் கழன்றிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, பீரோவை நகர்த்தியதில் வயர் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேபிள்காரருக்குப் போன் போட வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில், பாளையங்கோட்டையில், எரிந்தது சிவப்பு. கேபிள்காரத் தம்பி எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்: "மெயின் ரோட்ல ஜேசிபி வயரை இழுத்துட்டு அண்ணாச்சி. ஏரியா பூராவும் படுத்துட்டு. ஜாயின்ட் போட ஆள் வரணும். பாத்துக்கிடலாம்."

'பாத்துக்கிடலாம்' என்றால் இன்றைக்கு இல்லை என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஏரியா முழுக்க ஏன் படுத்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை அலுவலகத்திலிருந்து வருவதில்லை. அங்கிருந்து கிளம்பும் ஒரே இழை வழியில் ஒரு பிரிப்பான் பெட்டிக்குள் போய் 32 வீடாகவோ 64 வீடாகவோ பிரிகிறது. ஒரு வாய்க்காலிலிருந்து வரிசையாக வயலுக்கு மடை திறந்துவிட்ட மாதிரி. வீட்டுக்கு வரும் தகவல் 1490 நானோமீட்டர் ஒளியிலும், வீட்டிலிருந்து போவது 1310 நானோமீட்டரிலும் அதே இழையில் எதிரெதிராக ஓடுகின்றன. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதனால்தான் கழற்றிய கனெக்டர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து 'வெளிச்சம் வருதா' என்று பார்க்கக் கூடாது என்கிறார்கள். வந்தாலும் தெரியாது, கண்ணுக்கும் நல்லதல்ல. மண்வாரி இழுத்தது பிரிப்பானுக்கு முந்தைய தடித்த கேபிளை. தெருவே அணைந்துபோனது அதனால்தான்.

நெட் போனால் சினிமா போகும், யூடியூப் போகும் என்று எல்லோரும் நினைப்போம். எங்கள் வீட்டில் முதலில் நின்றது போன் பேச்சு. கீழ்த்தளம், கான்கிரீட் கூரை, மூன்று பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். ஹாலில் டவர் சிக்னல் ஒரு கோடுதான் வரும். ஆனாலும் இத்தனை காலம் கால் தெளிவாகக் கேட்டது. சிக்னல் பரவாயில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் எல்லாப் பேச்சும் வைஃபை காலிங் மூலம் ஃபைபர் வழியாகத்தான் போயிருக்கிறது. நெட் போன அன்று கோயம்புத்தூரிலிருந்து அக்கா கூப்பிட்டால் பாதிப் பேச்சில் அறுந்தது. "என்னடே, கிணத்துக்குள்ள இருந்து பேசுதியா?" என்று கேட்டாள். அம்மா போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்தாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. தண்ணீர் மோட்டாருக்கு வைஃபை சுவிட்ச் போட்டிருந்தோம். ஆப்பைத் திறந்தால் 'ஆஃப்லைன்' என்றது. அந்த சுவிட்ச் பெட்டியின் ஓரத்தில் மிளகு அளவு ஒரு கருப்புப் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் மோட்டார் ஓடும். வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை, மேலே தூசி படிந்து பெட்டியின் நிறத்தோடு ஒன்றாகியிருந்தது. வாசல் கேமரா பச்சை விளக்கோடு விழித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எதையும் பதிவு செய்யவில்லை. பதிவெல்லாம் நிறுவனத்தின் சர்வரில்; பெட்டிக்குள் மெமரி கார்டு போடும் துளை காலியாகக் கிடந்தது. டிவியில் ஆப்களைத் தவிர எதுவும் இல்லை. மொட்டைமாடி டிஷ்ஷை எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று. அம்மாவுக்கு மாலை சீரியல் போனது. காலை ராசிபலனுக்குப் பிரச்சினை இல்லை, தினசரிக் காலண்டர் சுவரில் தொங்குகிறது. வானொலிக்கு மட்டும் ஒரு வழி பிறந்தது: பழைய போனில் எஃப்எம் இருந்தது, இயர்போன் வயரைச் செருகினால்தான் எடுக்கும், அந்த வயர்தான் அதற்கு ஆன்டெனா.

வேலைக்கு வருகிறேன். நான் வீட்டிலிருந்தபடி சில கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்பவன். மாதம் 20ஆம் தேதி 3பி படிவத்துக்குக் கடைசி நாள், அது நெருங்கிக்கொண்டிருந்தது. டேலி என்ற கணக்கு மென்பொருள் என் கணினியிலேயே இருப்பதால் கணக்கு எழுதுவதில் ஒரு தடங்கலும் இல்லை. ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றத்தான் நெட் வேண்டும். உட்கார்ந்து யோசித்தால், உண்மையில் போர்ட்டலுக்குள் போக வேண்டிய தகவல் சில கிலோபைட்தான். ஆஃப்லைன் டூலில் எல்லாவற்றையும் நிரப்பி ஜேசன் கோப்பாக வைத்துக்கொண்டு, ஏற்றுவதற்கு மட்டும் நெட்டைத் தொட்டால் போதும். கையொப்பத்துக்கான ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருகிறது, அதற்கு டேட்டா வேண்டாம். சரக்கு அனுப்பும்போது எடுக்கும் இ-வே பில்லுக்குக்கூட எஸ்எம்எஸ் வழி ஒன்று உண்டு. ஆனால் அதற்குப் போன் எண்ணை முன்கூட்டியே போர்ட்டலில் பதிந்து வைத்திருக்க வேண்டும். நெட் போன பிறகு ஞாபகம் வந்து புண்ணியமில்லை.

ஆக, தேவைப்பட்டது பெரிய நெட் இல்லை, நம்பகமான சின்ன நெட். அதைப் போன் டேட்டாவில் எப்படி உண்டாக்கினேன் என்பதுதான் இந்தப் பதிவின் செய்முறைப் பகுதி.

முதலில் போனை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க வேண்டும். கோடுகளை நம்பக் கூடாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம்மில் தெரியும். மைனஸ் எண்ணாக வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். ஹாலில் -114. சமையலறையில் அதைவிட மோசம். மாடிப்படி திரும்பும் இடத்தில் கிழக்கே பார்த்த ஜன்னலில் -97. இந்தக் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபலும் இரட்டிப்பு. 17 டெசிபல் கூடினால் சக்தி ஏறக்குறைய 50 மடங்கு. ஹாலில் பக்கம் திறக்கவே மூச்சுவாங்கிய போன் ஜன்னலில் 15 எம்பிபிஎஸ் கொடுத்தது. (எவர்சில்வர் பாத்திரத்துக்குள் போனை வைத்தால் பாட்டுச் சத்தம்தான் கூடும். சிக்னல் குறையும்.)

கிழக்கு ஜன்னலில் காலை வெயில் சுள்ளென்று விழும். ஹாட்ஸ்பாட்டும் ஓடி, சார்ஜும் ஏறி, வெயிலும் பட்டால் போன் கொதித்துப்போய்த் தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். உறையைக் கழற்றிவிட்டு, ஜன்னல் கம்பியில் ஒரு அட்டையைச் சாய்த்து நிழல் கொடுத்தேன். பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி அந்தப் போனில் இருந்தது, அதையும் போட்டேன். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 'பயன்பாடு இல்லாவிட்டால் தானாக அணை' என்று ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நடுவில் டீ குடிக்கப் போய்வந்தால் நெட் தூங்கியிருக்கும்.

ஹாட்ஸ்பாட்டுக்கு வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துவிடுங்கள், எல்லாக் கருவியும் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். ஒட்டிக்கொள்ளும், வாஸ்தவம். டிவி ஒட்டிக்கொண்டு புது மென்பொருளை இறக்கும். கேமரா ராத்திரி முழுக்க வீடியோ ஏற்றும். மகளின் போன் கல்யாண வீட்டுப் படங்கள் அத்தனையையும் பேக்கப் எடுக்கும். விண்டோஸ் அப்டேட்டைச் சொல்லவே வேண்டாம். என் பிளானில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. தாண்டினால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும், அதாவது விநாடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். வாட்ஸப்பில் எழுத்துச் செய்தி போகும். ஜிஎஸ்டி போர்ட்டல் பாதியில் வெளியே தள்ளிவிடும்.

பரணில் ஒரு பழைய டிபி-லிங்க் ரவுட்டர் கிடந்தது. இந்த மாதிரிப் பல ரவுட்டர்களில் டபிள்யூஐஎஸ்பி என்றொரு மோட் உண்டு. கேபிளுக்குப் பதில் வேறொரு வைஃபையிலிருந்து நெட்டை வாங்கி, தன் பெயரில் புது வைஃபையாகக் கொடுக்கும். ரவுட்டரைப் பின்பக்கத் துளையில் ஊசி குத்தி ரீசெட் செய்தேன். கணினியில் 192.168.0.1 பக்கத்தைத் திறந்து மோடை மாற்றி, 'சர்வே' அழுத்தி, போனின் ஹாட்ஸ்பாட்டைத் தேர்ந்து, பாஸ்வேர்டு கொடுத்தேன். அந்த ரவுட்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. அதனால் போனில் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால்தான் பட்டியலில் பெயர் வந்தது. இன்னொன்று, போன் தரும் ஐபி எண்களும் ரவுட்டர் தரும் ஐபி எண்களும் ஒரே வரிசையில் இருக்கக் கூடாது. ரவுட்டர் 192.168.0 என்றால் போன் வேறு வரிசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் குழம்பி எதுவும் போகாது. எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

நேரடியாகப் போனோடு இணைந்தால் போதாதா என்றால், ஒற்றை ஆளுக்குப் போதும். ஆனால் போன் மாடிப்படியில், நாங்கள் கீழே. நடுவில் ரவுட்டர் இருந்தால் அறைகளுக்கு வைஃபை எட்டும். அதைவிட முக்கியம், ரவுட்டரில் யாரை உள்ளே விடுவது என்று பட்டியல் போடலாம். என் கணினி, மகளின் டேப், பிரின்டர், அம்மா போன். அவ்வளவுதான். டிவிக்கும் கேமராவுக்கும் கதவு மூடியது. ஒரே ரேடியோவில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும் என்பார்கள். வருவதே 15 எம்பிபிஎஸ் எனும்போது அந்தப் பாதி உறைக்கவே இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டோடு இன்னொரு ஆண்ட்ராய்டு போனை நேரடியாக இணைத்தால், 'இது அளந்து செலவழிக்க வேண்டிய நெட்' என்ற குறிப்பும் சேர்ந்தே போகும். பேக்கப் முதலியவை தாமாகவே அடங்கியிருக்கும். நடுவில் ரவுட்டர் வந்ததும் அந்தக் குறிப்பு தொலைந்துபோகிறது. அந்தப் பக்கம் இருக்கும் போன், வீட்டு வைஃபை வந்துவிட்டது என்று நம்பித் தாராளமாகச் செலவு செய்யும். ஆகவே ஒவ்வொரு கருவியிலும் அந்த வைஃபை பெயரைத் தொட்டு 'மீட்டர்டு' என்று கையால் குறிக்க வேண்டும். விண்டோஸிலும் அதே பெயரில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, போட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும். இதைச் செய்த பிறகு, மூன்று பேர் நாள் முழுக்கப் புழங்கியும் 2 ஜிபியில் மிச்சம் இருந்தது. மகள் வகுப்புப் பாடங்களைப் பார்த்தாள், நான் தாக்கல் செய்தேன், அம்மா வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்பினாள்.

அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது: மற்ற நாட்களில் மாதத்துக்கு நூற்றுக்கணக்கான ஜிபி செலவாகும் வீடு இது. அதில் நாங்கள் கேட்டுச் செலவானது எவ்வளவு, பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் போனது எவ்வளவு? சார்ந்திருக்கிறோம் சார்ந்திருக்கிறோம் என்று நம்மையே குற்றம் சொல்லிக்கொள்கிறோம். ஒரு மோட்டார் சுவிட்ச், பத்தடி தள்ளி நிற்கும் என் பேச்சைக் கேட்க எங்கோ இருக்கும் சர்வரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று முடிவு செய்தது நான் இல்லை.

எங்கள் பங்கும் இருக்கிறது. டேபிளில் பக்கத்திலேயே கிடக்கும் போனிலிருந்து கணினிக்கு ஒரு பில் படத்தை நான் எப்படி அனுப்புவேன்? வாட்ஸப்பில், எனக்கு நானே. மூன்றடி தூரம் போக வேண்டிய படம் ஊரைச் சுற்றி வரும். நெட் அளந்து வரும்போதுதான் இது உறுத்தியது. யுஎஸ்பி வயரை எடுத்துச் செருகினேன். போனுக்குப் போன் என்றால் குயிக் ஷேர், நெட் இல்லாமலே போகும். பிரின்டரும் அப்படித்தான்: ரவுட்டருக்குள் இருக்கும் வைஃபை போதும், வெளியுலகம் வேண்டாம். நெட் வேறு, வைஃபை வேறு என்று மகளுக்கு விளங்கவைக்க, போனின் ஹாட்ஸ்பாட்டையே அணைத்துவிட்டு ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துக் காட்டினேன். "அப்போ வைஃபை ஃபுல்லா காட்டுது, நெட் இல்லங்கிறது இதானாப்பா?" என்றாள். இதேதான்.

பணம் கொடுப்பதில் பிரச்சினை வரவில்லை, கடையில் போன் டேட்டா எடுக்கிறது. டேட்டாவும் இல்லாவிட்டால் *99# என்று டயல் செய்து மெனுவில் எண்களை அழுத்தியே பணம் அனுப்பலாம். சாதாரணப் போனிலும் ஓடும். மெதுவானது, ஆனால் போகிறது. உண்மையான இருட்டை இந்தப் பக்கத்து ஜனங்கள் 2018 மே மாதம் பார்த்திருக்கிறோம். தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தையே நிறுத்தினார்கள். அப்போது ஜன்னலில் போன் வைத்தும் பயன் இருந்திருக்காது. அதோடு பார்த்தால் இது வெறும் அசௌகரியம்.

மெயின் ரோட்டில் ஜாயின்ட் போட ஆட்கள் வந்தபோது போய் நின்று பார்த்தேன். குழி ஓரத்தில் தார்ப்பாய் விரித்து, குடைக்கு அடியில் ஸ்ப்ளைஸிங் மிஷின். கேபிளின் உள்ளே 12 நிறங்களில் இழைகள்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று வரிசை. இரண்டு முனைகளிலும் ஒரே நிறத்தைத் தேடி எடுத்து, மேல்பூச்சை உரித்து, ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவில் துடைத்து, கிளீவரில் வைத்து ஒரு 'டிக்'. கண்ணாடி நேராக வெட்டுப்படும். அந்தக் கண்ணாடி 125 மைக்ரான் தடிமன். அதற்குள் ஒளி ஓடும் பாதை 9 மைக்ரான்தான். மிஷின் திரையில் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரிந்து, தாமாக நகர்ந்து நேர்கோட்டுக்கு வந்து, ஒரு மின்பொறியில் ஒட்டிக்கொண்டன. மேலே சின்ன உறை போட்டுச் சூடு காட்டினால் முடிந்தது. வெட்டி விழுந்த துண்டுகளை அந்தப் பையன் ஒவ்வொன்றாகச் செல்லோடேப்பில் ஒட்டி எடுத்தான். தோலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாதாம்.

தெருவில் எல்லோர் வீட்டுக்கும் நெட் வந்தது, எங்களுக்கு வரவில்லை. எல்ஓஎஸ் அணைந்துவிட்டது, ஆனால் பான் விளக்கு நிலைக்காமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. மோடத்தின் செட்டிங் பக்கத்தைக் கணினியில் திறந்து, வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டும் ஆப்டிகல் பவர் பார்த்தால் -28.9 டிபிஎம். இந்த வகை மோடம் -27 வரைதான் சரியாகப் படிக்கும். அதற்குக் கீழே போனால் தடுமாறும். முன்பு எங்கள் வீட்டில் -21, -22 என்று இருந்ததாக ஞாபகம். வெளிச்சம் வருகிறது, வழியில் எங்கோ கசிகிறது.

போஸ்டிலிருந்து வரும் கருப்பு வயரைக் கண்ணால் தொடர்ந்து போனேன். வேப்பமரக் கிளைக்கு மேலாக வந்து, கைப்பிடிச்சுவரில் வளைந்து, பிளாஸ்டிக் குழாயை ஒட்டி இறங்குகிறது. அந்தக் குழாயோடு சேர்த்து யாரோ கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கியிருந்தார்கள். வயர் அங்கே சுவர் முனையில் மடிந்து நின்றது. மண்வாரி இழுத்தபோது போஸ்ட் பக்கம் விறைத்து, ஏற்கெனவே இருந்த மடிப்பு இன்னும் கூர்மையாகியிருக்க வேண்டும். ஃபைபர் உடையாமலே மடிந்தாலும் போதும், வளைவில் ஒளி வெளியே ஓடிவிடும். கம்பியை வெட்டி, வயரைத் தளர்த்தி, மூன்று விரல் அகலத்துக்குக் குறையாத வளைவாக விட்டு, துணிநாடாவால் லேசாகக் கட்டினேன். கீழே வந்து பார்த்தால் -24.3. பான் நிலைத்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கினால் மறுபடியும் சிமிட்டும் என்று தோன்றியது. கேபிள்காரத் தம்பி வந்து, மோடத்தின் பின்னாலிருந்த கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார். பச்சைத் தலை என்றால் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்திருக்கும், நீலத் தலை நேர். பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே போகும், ஒளிதான் ஒழுங்காகப் போகாது என்று அவரே சொன்னார். கடைசியில் -21.8. -28.9லிருந்து 7 டெசிபல் ஏற்றம், ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சம்.

பழைய ரவுட்டரைப் பரணுக்கு அனுப்பவில்லை. செட்டிங்கை அழிக்காமல் மாடிப்படி அலமாரியில் வைத்து, அதன் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய சீட்டை அடியில் ஒட்டியாயிற்று. கேமராவுக்கு மெமரி கார்டு போட்டேன். அம்மா டிஷ் வேண்டும் என்கிறாள், விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இ-வே பில்லுக்கு எஸ்எம்எஸ் பதிவும் செய்துவிட்டேன். நெட் இல்லாத நாட்களுக்கான கட்டணத்தை மாதப் பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன்.

"பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றார்.